நோய் இல்லாதவருக்கு மூலிகை எதற்கு?

இந்த மாதப் பாடத்துக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு மூலிகை. சளிக்குக் கற்பூரவல்லி, மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி, வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி என்று ஒரு பட்டியல் போட்டால் பாடம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்தப் பட்டியல் உங்க வீட்டுப் பாட்டிக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. உடம்புக்கு ஒன்றுமே இல்லாத, இருபது இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள் ஏன் மூலிகை தேடிப் போறாங்க?

எங்கள் ஹாஸ்டலில் பரீட்சை வாரம் வந்தால் போதும். ஞாபக சக்திக்கு என்று ஒருவன் பிரம்மி மாத்திரை வைத்திருப்பான். ஜிம்முக்குப் போகிறவன் மேசையில் அஸ்வகந்தா டப்பா இருக்கும். தூக்கத்தை விரட்ட தொங்காட் அலி காப்பி குடிப்பவர்களைக் கணக்கெடுக்க முடியாது. இவர்களில் ஒருத்தரும் நோயாளி இல்லை. இப்போது இருப்பதைவிட இன்னும் கொஞ்சம் கூர்மையாக, இன்னும் கொஞ்சம் தெம்பாக இருக்கணும் என்பதுதான் ஆசை.

இது ஒன்றும் புது ஆசை இல்லை, தப்பான ஆசையும் இல்லை. ஆயுர்வேதத்தின் மூலநூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையில் சிகிச்சைக்கென்று ஒரு பெரிய பகுதி இருக்கிறது. அதில் முதல் அத்தியாயம் எந்த நோயைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்? எந்த நோயையும் பற்றியது இல்லை. முதல் அத்தியாயம் ரசாயனம், அதாவது முதுமையைத் தள்ளிப்போட்டு உடம்பையும் புத்தியையும் வலுப்படுத்தும் முறை. இரண்டாவது வாஜீகரணம், ஆண்மையும் சந்ததியும் பற்றியது. காய்ச்சல் மூன்றாவதாகத்தான் வருகிறது. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் இந்த இரண்டும் தனித்தனி அங்கங்கள். நல்லா இருப்பவன் இன்னும் நல்லா இருக்க வழி சொல்லிவிட்டு, அப்புறம்தான் நோய்க்குப் போகிறார்கள்.

நம் சித்த மருத்துவத்தில் இதற்குப் பெயர் கற்பம், அல்லது காயகற்பம். காயம் என்றால் உடம்பு. சித்தர்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்கணும். திருமூலர் உடம்பை அழுக்கு என்று ஒதுக்கியவர் இல்லை. உள்ளே இறைவன் குடியிருக்கிறான் என்று கண்டபிறகு அந்த வீட்டைப் பேணிக் காத்தவர். சாதனை நீண்ட காலம் எடுக்கும். அதுவரைக்கும் உடம்பு தாங்கணும். அதற்குத்தான் கற்பம். கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்ப்பதற்கு இல்லை (அதையும் நான் தப்பென்று சொல்லவில்லை).

நமக்கெல்லாம் தெரிந்த எளிய கற்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இஞ்சி, சுக்கு, கடுக்காய். விடிந்ததும் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு, மதியம் சாப்பாட்டோடு சுக்குத் தூள், ராத்திரி படுக்கப் போகும் முன் கடுக்காய்த் தூள். இப்படி ஒரு மண்டலம், அதாவது 48 நாள். மூன்றையும் ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரே கடையில், சில வெள்ளிக்குள் வாங்கிவிடலாம். கேட்க ரொம்பச் சுலபமாக இருக்கு இல்லையா? ஆனால் செய்முறையைப் பாருங்கள். இஞ்சியைத் தோல் சீவித்தான் இடிக்க வேண்டும். சாற்றை உடனே குடிக்கக் கூடாது. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மண்டி படியும். அதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். சுக்குக்கும் மேல்தோல் சீவ வேண்டும். கடுக்காய்க்கு நேர்மாறு. தோல்தான் மருந்து, உள்ளே இருக்கும் கொட்டையை நீக்கிவிட வேண்டும். இதற்குச் சித்த மருத்துவத்தில் சுத்தி என்று பேர். அமுக்கரா கிழங்கையும் அப்படியே இடித்துச் சாப்பிடுவதில்லை. பால் ஊற்றிய பானையின் வாயில் துணி கட்டி, தூளைப் பிட்டு மாதிரி ஆவியில் அவித்து, காயவைத்து, மறுபடி பொடித்துத்தான் எடுப்பார்கள்.

நான் படிப்பது மெக்கானிக்கல். ஒரு போல்ட்டின் தலையில் 8.8 என்று குத்தியிருந்தால் அது எவ்வளவு இழுவிசை தாங்கும், எந்த இடத்தில் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். குத்தாத போல்ட்டைப் பாலத்தில் போட மாட்டோம். சுத்தி, அளவு, வேளை, நாள் கணக்கு என்று நம் முன்னோர்கள் போட்டு வைத்ததை நான் அந்தக் குத்து மாதிரிதான் பார்க்கிறேன். பொருள் மட்டும் மருந்து ஆகாது. எந்தப் பாகம், எப்படிச் செய்தது, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் மருந்து.

இன்னொரு பாதி இருக்கிறது. கடைகளில் கிடைக்காத பாதி. சரகர் ரசாயனம் சொல்லி முடிக்கும் இடத்தில் ஆசார ரசாயனம் என்று ஒன்றைச் சொல்கிறார். அதில் வேர் இல்லை, இலை இல்லை. உண்மை பேசுவது, கோபத்தை விடுவது, மது தொடாதது, அளவாகத் தூங்கி அளவாக விழிப்பது, பெரியவர்களை மதிப்பது. இப்படி வாழ்பவனுக்கு ரசாயனத்தின் பலன் கிடைக்கும் என்கிறார். மருந்து சாப்பிடும் முன் உடம்பைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் விதி. அழுக்குத் துணியில் சாயம் பிடிக்காது என்று சுசுருதர் அதற்கு உவமை சொல்கிறார்.

வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே. திருக்குறளில் 95ஆம் அதிகாரத்தின் பெயரே மருந்து. வீட்டுக்குப் போய்ப் பத்துக் குறளையும் எடுத்துப் பாருங்க. ஒரு மூலிகையின் பெயர்கூட இருக்காது. முன்னே சாப்பிட்டது செரித்ததா, இப்போது பசிக்கிறதா, அளவு தெரிந்து சாப்பிடுகிறாயா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிக்கு மேகி, காலையில் வகுப்புக்கு மட்டம், நடுவில் ஒரு அஸ்வகந்தா மாத்திரை. இதில் கற்பம் எங்கே இருக்கு? பத்தியம் முழுதையும் கழித்துவிட்டுத் தூளை மட்டும் டப்பாவில் அடைத்தால் அதற்குப் பழைய பெயர் பொருந்தாது.

இப்போது நம் நாட்டு மூலிகைக்கு வருவோம். தொங்காட் அலி. பேராக் காடுகளில் இயற்கையாக வளரும் ஒல்லியான சிறு மரம். இலைகள் உச்சியில் குடை மாதிரி விரிந்திருக்கும். மருந்து வேரில். வேர் வேண்டும் என்றால் மரத்தையே பிடுங்க வேண்டும், அது மறுபடி தளிர்க்காது. மலாய்க்கார கிராமங்களில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்குப் பிந்திய தெம்புக்கும்கூட இதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆண்மை மருந்து என்ற ஒரே முத்திரை இவ்வளவு பெரிதானது வியாபாரத்தால். நாக்கில் வைத்தால் அப்படி ஒரு கசப்பு. யூரிகோமனோன் என்ற பொருள்தான் அதற்கு முக்கியக் காரணம்.

இந்த வேரை மலேசியா சும்மா விடவில்லை. அரசாங்கமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்து, வேர்ச்சாற்றின் ஒரு பகுதிக்கு 2006ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கின. 2011ல் எம்.எஸ். 2409 என்ற மலேசியத் தரநிர்ணயம் வந்தது. தண்ணீரில் எடுத்து உறையவைத்து உலர்த்திய சாற்றில் யூரிகோமனோன் 0.8 முதல் 1.5 விழுக்காடு இருக்க வேண்டும், புரதம் இவ்வளவு, கிளைக்கோசப்போனின் இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. போல்ட் தலையில் குத்தின எண் மாதிரி ஒரு வேருக்கும் எண்!

வேலை செய்கிறதா? 2013ல் வெளியான ஒரு சோதனையில், மன அழுத்தத்தில் இருந்த 63 பேரில் ஒரு சாராருக்கு தினம் 200 மில்லிகிராம் சாறு, மற்றவர்களுக்குப் போலி மாத்திரை என்று 4 வாரம் கொடுத்தார்கள். சாறு எடுத்தவர்களின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைந்தது, டெஸ்டோஸ்டிரோன் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் 63 பேர் என்பது சின்னக் கூட்டம், 4 வாரம் என்பது சின்னக் காலம். 2021ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தச் சாற்றைப் புதிய உணவாக அனுமதிக்கலாமா என்று பரிசீலித்து, மரபணுவைப் பாதிக்குமோ என்ற ஐயம் தீரவில்லை, பாதுகாப்பானது என்று உறுதி சொல்ல முடியாது என்றது. இரண்டு செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விற்பவர் முதலாவதை மட்டும்தான் சொல்வார்.

தொங்காட் அலி காப்பி என்பது இந்தக் கணக்கிலேயே வராது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பொருள்களில் எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். பெரும்பாலும் முதல் இரண்டு இடத்தில் சீனியும் கிரீமரும் இருக்கும். வேர் கடைசி வரிசையில் ஒடுங்கிக் கிடக்கும். உங்களைத் தூங்கவிடாமல் வைப்பது காப்பி, குடிக்க வைப்பது சீனி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது, எல்லா இனத்தையும்விட அதிகம். நம் குடும்பங்களில் கால் விரல் எடுத்தவர்கள், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளை சக்திக்காக ஒரு நாளைக்கு மூன்று கப் சீனித் தண்ணீர் குடிக்கிறான் என்றால் அதைவிடப் பெரிய வேடிக்கை என்ன இருக்கு!

சீனியாவது மெதுவாகத்தான் கொல்லும். போன வருஷம் என் அறையில் இருந்த பையன் ஒருவன் பாசார் மாலாமில் ஒரு டப்பா வாங்கினான். நூறு விழுக்காடு மூலிகை, பக்க விளைவே இல்லை என்று எழுதியிருந்தது. முதல் நாளே வேலை செய்தது. அதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம். மூலிகை முதல் நாளே அப்படி வேலை செய்யாது. இரண்டாம் நாள் ராத்திரி முகம் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, தலை சுற்றி, நாங்கள் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் பதிவு எண் எங்கே?" என்று கேட்டார். இல்லை. உள்ளே என்ன கலந்திருந்தது என்று கடைசிவரை தெரியாது. பையன் பிழைத்துக்கொண்டான்.

இது எங்கள் அறைக் கதை மட்டும் இல்லை. ஆண்மைக்கு என்று விற்கும் மூலிகைப் பொருள்களில் சில்டெனாஃபில், தடாலாஃபில் என்ற மருந்துகளும், மூட்டுவலிக்கும் உடல் தேறவும் என்று விற்பவற்றில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கும் ஒருவர் தெரியாமல் சில்டெனாஃபில் கலந்ததைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அப்பாவுக்கு, மாமாவுக்கு என்று ஆசையாக வாங்கிக் கொடுக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அதனால் எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மாத்திரை, தூள், லேகியம் எதுவானாலும் மருந்தாகப் பதிவு பெற்றால் எம்.ஏ.எல். என்று ஆரம்பித்து எட்டு இலக்கம் இருக்கும். பின்னால் டி என்ற எழுத்து வந்தால் பாரம்பரிய மருந்து. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். பொருளின் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். எண்ணைத் திருடி அச்சடிக்கிறவர்களும் இருக்காங்க. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பாரம்பரிய மருந்துக்கு அந்த எண் கிடைத்தால், கன உலோகம், கிருமி, கலப்பட மருந்து இதெல்லாம் பார்த்துப் பாதுகாப்பும் தரமும் சோதித்தார்கள் என்று அர்த்தம். சொன்ன பலன் கிடைக்கும் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம் இல்லை.

அடுத்தது பெயர்க் குழப்பம். பிரம்மி என்று கேட்டால் ஒரு கடையில் வல்லாரை கொடுப்பார்கள், இன்னொரு கடையில் நீர்ப்பிரம்மி கொடுப்பார்கள். இரண்டும் வேறு வேறு செடி. நம் ஊர் மலாய்க்கார அக்காமார்கள் சம்பலோடு பச்சையாகச் சாப்பிடும் பெகாகா இருக்கே, அதுதான் வல்லாரை. பத்து காஜா காலைச் சந்தையில் ஒரு கட்டு வாங்கித் துவையல் அரைத்தால் அது உணவு, பயமில்லாமல் சாப்பிடலாம். ஞாபக சக்திக்கு அதிகமாகச் சோதிக்கப்பட்டது நீர்ப்பிரம்மி. ஆஸ்திரேலியாவில் நடந்து 2001ல் வெளியான சோதனையில் ஆரோக்கியமான 46 பேர் கலந்துகொண்டார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு தினம் 300 மில்லிகிராம். கற்றுக்கொள்ளும் வேகத்திலும் நினைவிலும் கிடைத்த பலன் 12 வாரம் முடியும்போதுதான் நன்றாகத் தெரிந்தது. ஆக, திங்கள்கிழமை பரீட்சைக்கு வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்குவதில் பிரயோஜனம் இல்லை. 48 நாள் மண்டலம் என்று பெரியவர்கள் பொறுமையைக் கணக்கில் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

சீந்தில் கதை இன்னும் சிக்கல். தோட்டத்து லயங்களில் வேலி ஓரமாக பத்தவாலி கொடி படர்ந்திருக்கும், தண்டு முழுக்க முடிச்சு முடிச்சாக. என் பாட்டி அதைச் சீந்தில் என்றுதான் சொல்வார். ஊரில் பார்த்த கொடி மாதிரியே இருந்ததால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். உண்மையில் இரண்டும் ஒரே குடும்பம், வேறு இனம். நூல்களில் சொல்லும் சீந்திலின் தண்டு இப்படி முடிச்சு முடிச்சாக இருக்காது. கோவிட் காலத்தில் இந்தியாவில் எதிர்ப்புச் சக்திக்கு என்று பலரும் சீந்தில் குடித்தார்கள். மும்பையில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக 2021ல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சு அதை மறுத்து, செடி சரியாக அடையாளம் காணப்படவில்லை, பத்தவாலி இனத்தோடு குழப்பியிருக்கலாம் என்றது. யார் பக்கம் நியாயம் என்பது ஒரு புறம் இருக்கட்டும். நம் வேலியில் இருப்பது அந்தக் குழப்பத்துக்குரிய கொடிதான். தெம்புக்கு என்று தினம் ஒரு கிளாஸ் போட்டுக் குடிக்க வேண்டாம்.

அஸ்வகந்தா என்பது நம் அமுக்கராதான். நூல்கள் சொல்வது கிழங்கை. இலையைச் சேர்த்து மலிவாகச் சாறு எடுக்கும் பழக்கம் பரவியதால், இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சு 2021ல் தயாரிப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டது. 2023ல் டென்மார்க் அஸ்வகந்தாவை மொத்தமாகவே தடை செய்தது. எனக்கு அந்தத் தடை கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனாலும் தைராய்டு மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தானாக இதைத் தொடங்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கடுக்காயும் காச்சிப் பாத்திமாவும் அப்படியே. கர்ப்ப காலத்தில் தொட வேண்டாம்.

"அப்போ எதைத்தான்பா சாப்பிடறது?" என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்த கற்பம் ஒன்று இருக்கிறது. நெல்லிக்காய். சியவனப்பிராச லேகியத்தின் அடிப்படையே அதுதான். அதியமான் நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை மலையில் பாடுபட்டுப் பறித்து வந்து, தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த கதை தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஔவையார் அதற்கு நன்றி சொல்லிப் பாடியது புறநானூற்றில் 91ஆம் பாட்டு. தமிழில் எனக்குத் தெரிந்த காயகற்பக் கதைகளில் ரொம்பப் பழையது இதுதான், அதில் மருந்தைச் சாப்பிட்டவர் மருந்தைத் தேடிப் போனவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். நெல்லி நமக்கு வெளியூர் மரமும் இல்லை. மலாய்க்காரர்கள் அதை மெலாக்கா மரம் என்கிறார்கள். பரமேஸ்வரா இளைப்பாறிய மரத்தின் பெயரைத்தான் தன் நகரத்துக்கு வைத்தார் என்று வரலாற்றுப் பாடத்தில் வருமே, அந்த மரம். ஒரு மாநிலமே நெல்லிக்காய் பெயரில் இருக்கும்போது நாம் அஸ்வகந்தாவை ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்கிறோம்!

ஒரு காய், கொட்டை எடுத்தது, சாப்பாட்டோடு. ஊறுகாயாக இல்லாமல், சீனிப்பாகில் போடாமல். அதோடு கொஞ்சம் முருங்கைக்கீரை, வாரம் ரெண்டு நாள் வல்லாரை. ராத்திரி பதினொன்றரைக்கு விளக்கை அணைப்பது. இதை 48 நாள் செய்ய முடிகிறவர்கள் மட்டும் அதற்குமேல் இஞ்சி, சுக்கு, கடுக்காய் என்று போகலாம். அதையும் பாரம்பரிய இந்திய மருத்துவம் பதிவோடு செய்யும் வைத்தியர் ஒருவரைப் பார்த்துவிட்டு, தினம் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலை அவரிடம் காட்டிவிட்டு. பாரம்பரிய மருத்துவத்துக்கு 2016லேயே சட்டம் வந்தாகிவிட்டது. பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பாக்கெட் அல்லது டப்பா வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள். அம்மா வாங்கியது, மாமா விற்பது, எதுவானாலும் பரவாயில்லை. சண்டை போட இல்லை, பின்பக்கம் படிக்கத்தான். எம்.ஏ.எல். எண்ணை அங்கேயே கைப்பேசியில் தேடுவோம், எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு மில்லிகிராம் என்று ஒரு தாளில் எழுதுவோம். லேபிளில் இல்லாதது என்ன என்பதற்கு ஒரு தனிக் கட்டம் போட்டு வையுங்கள். நெல்லிக்காய் நான் கொண்டு வருகிறேன்.